ஏழாவது தண்டனை

ராஹே
நவம்பர் 4

அன்புள்ள அண்ணன் இல்போவுக்கு,

தங்கை துய்யா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்தைப் பற்றி மூன்று வருடங்களாக எனக்கு எதுவும் தெரியாது. முழங்கால் எப்படி இருக்கிறது, யோயன்சூவில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று முறைப்படி கேட்டுவைக்கிறேன். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடு.

"போதும் அண்ணா, கிடைக்காம போன அந்தப் பேராசிரியர் பதவிய விட்டுத் தொலை, இன்னும் எத்தனை நாளைக்கு அதையே மென்னுக்கிட்டு இருப்ப" என்று என் சமையலறையில் உன்னைக் கேட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூட இல்லை. நான் சொன்னதைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. நீ மின்னஞ்சலைத் தொடுவதில்லை என்பதால் காகிதம் வாங்கிவந்தேன்.

இரண்டு வருடமாக நான் ரோலர் டெர்பி ஆடுகிறேன். ஆமாம், சக்கரங்கள் வைத்த காலணி போட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளும் அதே ஆட்டம்தான். எனக்கு நாற்பத்தேழு வயது என்பது எனக்கும் தெரியும். உருக்காலையில் நாளெல்லாம் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மாலையில் யார் மீதாவது மோத வேண்டும்போல இருக்கிறது. இரும்பை எடுத்த பிறகு மிஞ்சுவதை ஆலைக்குப் பின்னால் மலைபோலக் கொட்டிவைத்திருக்கிறார்களே, அதுதான் எங்கள் அணியின் பெயர்: கசடு.

சிக்கல் இதுதான். இந்தப் பருவத்தில் எங்களுக்கு நான்கு ஆட்டங்கள். நான்கையும் கடைசி விசில் வரைக்கும் ஆடி முடிக்காத அணியை இரண்டாம் பிரிவிலிருந்து நீக்கிவிடப்போவதாகச் சங்கம் அறிவித்துவிட்டது. தோற்கலாம். பாதியில் நின்றுவிடக் கூடாது. நீக்கப்பட்டால் எங்களுக்கு ஆட்டங்கள் கிடையாது. ஆட்டம் இல்லாத அணிக்கு நகராட்சி இடம் தராது. அதோடு கசடு முடிந்தது. வடக்கொளி என்ற பெருநகரத்து அணி எங்களை அன்போடு சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அதாவது எங்களில் இளையவர்கள் இரண்டு பேரை ஆடவிட்டு, மற்றவர்களை வாசலில் டிக்கெட் கிழிக்க வைக்கும். எங்கள் அணியில் எதுவானாலும் கைதூக்கித்தான் முடிவு. கைதூக்கினோம். சேர மாட்டோம் என்று எல்லோரும் சொன்னோம்.

ஊரில் கடைக்காரரிலிருந்து என் ஷிப்ட் மேஸ்திரி வரை எல்லோரும் "போகட்டும் விடு துய்யா" என்கிறார்கள். விடாமல் இருப்பது எப்படி என்று தெரிந்த ஒரே ஆளாக நீதான் நினைவுக்கு வந்தாய். எழுது.

தங்கை,
துய்யா


யோயன்சூ
நவம்பர் 27

துய்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மோசம். பனி விழுகிறது. நீ நலம் என்பதை இப்போதைக்கு நம்புகிறேன்.

படித்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு வட்டமடிப்பதை விளையாட்டு என்று அழைக்கும் காலத்தில் வாழ்வதால், அதைப் பற்றி என் கருத்தை நீ கேட்காததற்கு நன்றி. விடாமல் இருப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

முதலில், சத்தம் போடாதே. சத்தம் போட்டால் உணர்ச்சிவசப்பட்டவள் என்று முத்திரை குத்தி, உன் பேச்சைக் கேட்கும் கடமையிலிருந்து விடுபட்டுவிடுவார்கள். நான் சத்தம் போட்டேன், அதனால் தெரியும். அன்போடு வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இரு. என் கதவைத் தட்டி "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம் இல்போ" என்று வந்தவர்கள்தான் அடுத்த வாரம் என் அறையின் சாவியைக் கேட்டார்கள். உன் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது: ஆடி முடித்தால் இருக்கலாம். ஆகவே முடி. ஜெயிக்கும் ஆசையைத் தள்ளிவை. ஜெயிக்க ஆசைப்படுகிறவர்களைத்தான் சுலபமாக உடைக்க முடியும்.

நான் எதை மென்றுகொண்டிருக்கிறேன் என்பதை நீ ஒருபோதும் சரியாகக் கேட்டதில்லை. தேர்வுக் குழுவில் ஐந்து பேர். பதவியைப் பெற்றவனின் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க என் உழைப்பு. குழுவில் நான்கு பேருக்கு அது தெரியாது. ஹார்யூவுக்குத் தெரியும். என் ஆவணக் குறிப்புகளை என் மேசையிலேயே உட்கார்ந்து படித்தவன் அவன். விவாதம் நடந்த அரை மணி நேரமும் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பதவியை எடுத்துக்கொண்டவனை என்றாவது மறந்துவிடக்கூடும். தெரிந்தும் வாய் திறக்காதவனை மறக்க மாட்டேன். இதை விட்டுவிடச் சொல்லி மறுபடியும் எழுதினால் பதில் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். எலும்புக்கு உன் பிடிவாதம் தெரியாது.

இல்போ


ராஹே
டிசம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம், இடுப்பில் ஒரு தட்டு அளவுக்கு நீலம் பாரித்திருப்பதைத் தவிர. உன் முழங்காலுக்கு நம் அம்மா பூசிவந்த தைலத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

இனி நான் உன்னை விடச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக நீ எங்கள் ஆட்டத்தைப் பற்றித் தெரியாமல் பேசாதே. முழங்கையால் இடிப்பது தடை. தோளாலும் இடுப்பாலும் தொடையாலும் தள்ளலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் அணியில் ஐந்து பேர் இறங்குவோம். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டவள் எதிரணித் தடுப்புக்காரிகள் நால்வரைக் கிழித்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். முதல் சுற்றுக்குப் பிறகு தாண்டுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு புள்ளி. ஓர் ஓட்டம் அதிகம் போனால் இரண்டு நிமிடம். இப்படியே ஒரு மணி நேரம். தப்பாக இடித்தால் விசில் ஊதி முப்பது வினாடி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அதுவரை உன் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ஏழாவது முறை உட்கார்ந்தால் வெளியேற்றம்தான். களத்தின் ஓரத்தில்கூட நிற்க முடியாது, உடை மாற்றும் அறைக்குப் போய்விட வேண்டும்.

ஒவ்வொருத்திக்கும் ஓர் ஆட்டப் பெயர் உண்டு. நான் உலைவாய். தலைவி ஹென்னா மருத்துவமனைச் செவிலி, அவள் பெயர் ஊசி. முடி வெட்டும் கைசு, கத்தரி. எங்கள் தேவாலயத்துப் பாதிரியார் மார்யுத்தும் ஆடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், செவ்வாய்க்கிழமை கடைசித் தீர்ப்பு. அதுதான் அவள் முதுகில் எழுதியிருக்கும் பெயர்.

ஜூன் மாதத்தில் பனிச்சறுக்கு அரங்கத்தில் ஐஸை உருக்கிவிடுவார்கள். அந்த வெறும் சிமெண்டுத் தரையில்தான் எங்கள் சொந்த ஊர் ஆட்டம் நடக்க வேண்டும். அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓஸ்மோவிடம் கேட்கப் போனோம்.

"பாட்டிமாருங்க விழுந்து எலும்ப ஒடைச்சுக்கிட்டா யாரு கூட்டி அள்ளுறது?" என்றார்.

"உன் தலையில மிச்சமிருக்கிற நாலு முடியையும் நான்தான் வெட்டுறேன் ஓஸ்மோ. யோசிச்சுப் பேசு" என்றாள் கைசு.

தேதி கிடைத்துவிட்டது. முதல் ஆட்டத்தில் தோற்றோம். ஆடி முடித்தோம். உன் புத்திமதியை அணியில் சொன்னபோது மார்யுத், "ஒங்க அண்ணன் யாரு, நல்லா கசந்து போன ஆளா இருக்காரே, எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

அன்புடன்,
துய்யா


யோயன்சூ
ஜனவரி 29

துய்யாவுக்கு,

தைலம் வந்தது. அம்மா காலத்து நாற்றம் அப்படியே இருக்கிறது. பயனும் அப்போது போலவே இல்லை. நீ நலமாயிருப்பாய் என்று நினைக்கிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதைக் கவனித்திருப்பாய். இடது கையால் எழுதுகிறேன். வாசல் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மருத்துவர் இளைஞர், என் வயதைச் சொல்லிச் சிரித்தார். அவர் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் விதிப்புத்தகத்தை நூலகத்தில் வரவழைத்துப் படித்தேன். எழுதியவர்கள் யாரென்று தெரியவில்லை, ஆனால் என் பல்கலைக்கழகத்தின் எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக இருக்கிறது. பார்த்தவர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது நடக்கவில்லை என்ற அடிப்படையில் முழுக் கட்டடமும் நிற்கிறது. முழங்கை மட்டுமல்ல, முன்கையும் தடை என்பதை நீ எழுதவில்லை. முழங்கால் கவசங்களின் நாற்றத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் இருக்க மாட்டேன். நீ பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி என்னை விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யாதே.

இல்போ


ராஹே
பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

மணிக்கட்டு கூடிவிட்டதா? கால்சியம் சாப்பிடு, பால் குடி, ஹென்னா சொல்லச் சொன்னாள். நான் நலம்தான்.

எனக்குச் சில விஷயங்கள் விளங்கவில்லை. நூலகத்துப் புத்தகத்தைப் படித்தால் கவச நாற்றம் எப்படித் தெரியும்? வாசல் பனியில் வழுக்குகிறவர்கள் பின்பக்கமாக விழுவார்கள். மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறவர்கள் முன்னால் கையூன்றி விழுந்தவர்கள். அப்படி விழுகிறவர்களில் வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன், அவர்கள் எல்லோருடைய காலிலும் சக்கரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்காததையும் குறித்து வைத்துக்கொள்.

இரண்டாவது ஆட்டமும் முடிந்தது. அதிலும் தோற்றோம். அவமானமாக இல்லை. எதிரணித் தலைவி கடைசியில் வந்து, "உங்கள மாதிரி எழுந்து எழுந்து வர்றவங்கள நான் பாத்ததில்ல, எரிச்சலா இருக்கு" என்றாள். அதை ஒரு துணியில் எழுதிப் பயிற்சிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

ஆள் கொஞ்சம் குறைந்திருக்கிறோம். ஒருத்தி கர்ப்பம், ஒருத்தி வேலைக்காக சுவீடன் போய்விட்டாள். மற்றபடி எல்லாம் நல்லபடியே நடக்கிறது.

அன்புடன்,
துய்யா


ராஹே
ஏப்ரல் 22

அண்ணா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் சரி, உடம்பு என்றால் உடனே எழுது.

நல்லபடியே நடக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியது முழுக்க உண்மை இல்லை. மூன்றாவது ஆட்டத்தை எட்டுப் பேரோடு ஆடி முடித்தோம். அதில் ஒருத்திக்குக் காலர் எலும்பு போய்விட்டது. இப்போது ஏழு பேர்: நான், ஹென்னா, கைசு, மார்யுத், பள்ளி ஆசிரியை ஒருத்தி, மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்யும் இரட்டைச் சகோதரிகள். எதிரில் பதினைந்து பேர் வருவார்கள், இளைப்பாறி மாறி மாறி இறங்குவார்கள். நாங்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் இறங்க வேண்டும். கடைசி ஆட்டம் ஜூன் 16, இங்கே, வடக்கொளியோடு. எத்தனை பேர் வெளியேறினாலும் நட்சத்திரம் போட ஒருத்தியும் தடுக்க ஒருத்தியும் மிச்சமிருக்கும் வரை ஆட்டம் செல்லும். அதற்குக் கீழே போனால் நடுவர் ஆட்டத்தைக் கைவிடுவார், அணியும் அதோடு போய்விடும்.

அதுவும் பெரிய கவலை இல்லை. நடுவர்கள்தான் கவலை. சொந்த ஊர் அணிதான் நடுவர்களையும் கணக்கெழுதும் மேசைக்காரர்களையும் நேரம் பார்க்கிறவர்களையும் திரட்ட வேண்டும். பதினைந்து பேராவது வேண்டும். யாருக்கும் கூலி கிடையாது, சூப்பும் காபியும்தான். நாடு முழுக்க அப்படித்தான் நடக்கிறது, யார் வீட்டுக்காரனோ, யார் அக்காவோ, ஆட முடியாத யாராவதோ வருவார்கள். எங்களுக்கு இதுவரை வந்திருப்பது பாதிப் பேர். வடக்கொளி எப்போதும் தன் ஆட்களை அனுப்பும். இந்த முறை அவர்களுக்கு அன்று வேறு வேலையாம். "வருத்தமா இருக்கு, சேந்துட்டா இந்தத் தலைவலியே இல்லையே" என்று அவர்கள் பயிற்சியாளர் ஹென்னாவிடம் சொல்லியிருக்கிறார்.

சத்தம் போடவில்லை. நீ சொன்னபடி. ஹென்னா போனை வைத்த பிறகு நாற்காலியை எட்டி உதைத்தாள், அது சத்தத்தில் சேராது.

துய்யா


யோயன்சூ
மே 8

துய்யாவுக்கு,

நலம். கை கூடிவிட்டது. நீயும் நலமாக இரு, குறைந்தபட்சம் ஜூன் 16 வரை.

நடுவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஹென்னாவிடம் சொல். இங்கிருந்து ஒரு வேன் வரும். அதில் எட்டுப் பேர். யார் யார் என்று கேட்காதே.

சூப்பில் வெந்தயக்கீரை அதிகம் போடாதீர்கள்.

இல்போ


யோயன்சூ
ஜூன் 19

அன்புள்ள துய்யாவுக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? இரண்டாம் பாதியில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஐஸ் வை.

நீ என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாய். அது உன் உரிமை. ஆனால் உடை மாற்றும் அறைக்குள் இருந்ததால் கடைசி நான்கு நிமிடங்களை நீ பார்க்கவில்லை. பார்த்தவன் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

குளிர்காலத்திலிருந்தே இங்குள்ள அணியோடு செவ்வாய்க்கிழமைகளில் இருக்கிறேன். ஸ்கேட்டில் ஏற முயன்று கையை உடைத்துக்கொண்டேன். பிறகு நிற்கிற வேலை கொடுத்தார்கள். தண்டனை நாற்காலிக்குப் பின்னால் நின்று நேரம் பார்ப்பது. அங்கே என்னைப் பேராசிரியர் என்று கூப்பிடுகிறார்கள். கேலியாகத்தான். ஆனாலும் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு நாம் சந்தித்தது அந்த நாற்காலியில். உன் முதுகைத்தான் பார்த்தேன். விதிப்படி உன்னிடம் நான் பேசக்கூடியவை இரண்டே சொற்கள். இருபது வினாடி ஆனதும் எழு, முப்பது ஆனதும் போ. முதல் முறை வந்து உட்கார்ந்ததும் நீ திரும்பாமலே, "நீயா?" என்றாய். நான் "எழு" என்றேன். நான்காவது முறை, "கொஞ்சம் வேகமா எண்ணேன் அண்ணா, அங்க ரெண்டு பேருதான் நிக்கிறாங்க" என்றாய். நான் "போ" என்றேன்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் உனக்கும் இரட்டையரில் ஒருத்திக்கும் ஒரே நேரத்தில் விசில் விழுந்தது. மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் அவளுடையதை மட்டும் பதிந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரட்டையர் இருவரும் ஏழு முடிந்து வெளியே போனார்கள். ஹென்னாவின் முழங்கால் திரும்பியது. ஆசிரியையால் மூச்சுவிட முடியவில்லை, அவளையும் மருத்துவர் நிறுத்தினார். நான்கு நிமிடம் மீதி. நீங்கள் மூன்று பேர். நீ என் முன்னால் உட்கார்ந்து எழுந்து போனாய். நான் குறித்துக்கொண்டேன். என் கணக்கில் ஏழு. நீயோ அடுத்த ஓட்டத்துக்குக் கோட்டில் போய் நின்றாய். தண்டனைகளை எழுதும் பலகையைப் பார்த்தேன். உன் எண்ணுக்கு நேராக ஆறு.

யாரும் என்னைக் கேட்கவில்லை. தலைமை நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மார்யுத்துக்கும் ஆறு இருப்பது எனக்குத் தெரியும். உன்னை வெளியேற்றினால் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள், அவள் ஒருமுறை தவறினால் கசடு இல்லை என்பதும் தெரியும். கூரை விளக்கை அண்ணாந்து பார்த்தபடி நான் நின்றிருக்கலாம். அப்படி நிற்கிறவன் எப்படி இருப்பான் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். கையைத் தூக்கினேன்.

நீ போன பிறகு கைசு நட்சத்திரத்தை மாட்டிக்கொண்டாள். தடுப்பதற்கு மார்யுத் ஒருத்திதான். எதிரில் ஐந்து பேர். அவர்கள் பயிற்சியாளர், "அந்தப் பாதிரியாரம்மாவச் சீண்டுங்கடி, இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கவைங்க" என்று கத்தினார். மார்யுத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறவளைப்போல. தோளைக்கூடத் தரவில்லை. மார்பையும் இடுப்பையும் மட்டும் அவர்கள் வழியில் வைத்தாள். தள்ளினார்கள், விழுந்தாள், கையூன்றாமல் எழுந்தாள். அது எவ்வளவு கடினம் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

"என்னம்மா, ஜெபமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உங்களுக்காகத்தான் கண்ணு" என்றாள் மார்யுத்.

கடைசி ஓட்டம் தொடங்கும்போது கடிகாரத்தில் ஒன்பது வினாடி. தொடங்கிவிட்ட ஓட்டம், கடிகாரம் முடிந்தாலும் இரண்டு நிமிடம் வரை போகலாம். முதலில் தாண்டி வந்த அவர்களின் நட்சத்திரக்காரி நினைத்திருந்தால், இடுப்பைத் தட்டிச் சைகை காட்டி ஓட்டத்தை உடனே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முழு இரண்டு நிமிடமும் மார்யுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், புள்ளிக்காக அல்ல, அந்தக் கைகள் அவிழ வேண்டும் என்பதற்காக. அவிழவில்லை. அரங்கத்து வழுக்கைத்தலையர் பலகைச் சுவரை முஷ்டியால் குத்திக்கொண்டு, "நில்லுங்கடி, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சலசலப்பில் கைசு நான்கு பேரையும் தாண்டினாள். விசில். நானூற்றுப் பன்னிரண்டு, ஐம்பத்து மூன்று. ஆடி முடித்தீர்கள்.

இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஏழு என்றால் ஏழு.

அண்ணன்,
இல்போ


யோயன்சூ
ஜூலை 15

அன்புள்ள துய்யாவுக்கு,

நலமா? நடுக்கோடை விழாவுக்கு அனுப்பிய வாழ்த்து வந்ததா என்று தெரியவில்லை. ஹென்னாவின் முழங்கால் எப்படி? சங்கத்திலிருந்து ஏதாவது முடிவு வந்ததா?

எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம். நானும் ஒரு முறை மூன்று வருடம் எழுதாமல் இருந்தவன். அதைவிட நீ அதிகம் தாங்குவாய்.

இல்போ


ராஹே
ஆகஸ்ட் 12

இல்போவுக்கு,

என் தோள் நலம். ஹென்னா ஊன்றுகோலோடு வந்து பயிற்சி நடத்துகிறாள். உன் முழங்காலும் கையும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேறு எதையும் தேடாதே.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன கேட்கும் என்று உனக்குத் தெரியாது. சக்கரச் சத்தம் மட்டும்தான். அதில் எது நம்முடையது என்று சொல்ல முடியாது. யாரோ விழுகிற சத்தம். கூட்டத்தின் கத்தல். ஒரு ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றாமல் வைத்திருந்தேன். விசில் வந்தது. ஆட்டம் முடிந்த விசிலா, கைவிட்ட விசிலா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் எனக்கு அனுமதி இல்லை. மார்யுத் கதவை இடுப்பால் தள்ளித் திறந்து, முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளைப் பிரிக்க முடியாமல், "விரலெல்லாம் மரத்துப்போச்சு, பிரிச்சு விடுடி" என்று நின்றாள். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அப்புறம்தான் "முடிச்சிட்டோம்" என்றாள்.

அதற்குப் பிறகு வழக்கம்போல இரண்டு அணியும் ஒன்றாக நீராவிக் குளியலுக்குப் போனோம். மார்யுத்தைச் சுற்றி வந்த அந்தப் பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நான் கொதிக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியை ஏற்றிக்கொண்டே இருந்தேன், அவள் எழுந்து ஓடும் வரைக்கும். விதிப்படி அதற்குத் தண்டனை இல்லை.

சங்கம் எழுதிவிட்டது. எங்கள் இடம் எங்களுக்கே. வடக்கொளி மறுபடியும் அன்போடு கூப்பிட்டது. ஹென்னா "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள். நன்றியும் சேர்க்கலாமா என்று கைதூக்கினோம், தோற்றது. புதிதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி ஓஸ்மோவின் மனைவி. ஸ்கேட் ஓட்டும் தேர்வில் தேறும் வரை அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

நேற்று இன்னொரு ஓட்டெடுப்பு நடந்தது. வருகிற பருவத்துக்கு எங்கள் ஊர் ஆட்டங்களில் நேரம் பார்க்க உன்னை நிரந்தரமாகக் கூப்பிட வேண்டும் என்று மார்யுத் கொண்டுவந்தாள். "சொந்தத் தங்கச்சிக்கே கை தூக்கின ஆளு. அவரு நாற்காலிக்குப் பின்னால நின்னா இந்த நாட்டுல எவளும் நம்மளப் பாத்து வாயத் திறக்க முடியாது" என்றாள். இரட்டையர்களில் ஒருத்தி, "ஆனா அந்த ஆளு மூஞ்சிய பாத்தா பால் திரிஞ்சுடும்" என்றாள். அதனால் என்ன, சூப்பில் பால் ஊற்றாமல் இருந்தால் போயிற்று என்று கைசு சொன்னாள்.

நான் பேசினேன். நான்கு நிமிடம்தான் இருந்தது, யாருக்கும் தெரிந்திருக்காது, அணியே போயிருக்கும், அப்படிப்பட்டவனையா என்று கேட்டேன். நான் பேசி முடிக்கும் வரை எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அதன் பிறகு கை தூக்கினார்கள்.

ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஒன்று. எதிர்ப்பு என்னுடையது, அதை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் எங்கள் அணியில் முடிவு எடுத்தாகிவிட்டால் கடிதம் எழுதுவது எதிர்த்தவளின் வேலை.

முதல் ஆட்டம் அக்டோபர் 13, பகல் இரண்டு மணி. வா.

துய்யா
கசடு அணிக்காக